ஐந்து வீட்டு நாம்பன்

14.11.2023, செவ்வாய்

எங்கள் பட்டிக் காளை கறுவலுக்கும் மற்ற இளம் நாம்பன்களுக்கும் இன்றைக்கு நலம் அடித்தாயிற்று. மிருக வைத்தியர் விதை நசுக்கிற பெரிய இடுக்கியோடு வந்தார். எல்லாம் விழுந்து எழும்பி, ஒன்றும் நடக்காத மாதிரி மழைக்குள் போய் மேய்கின்றன. இனி அதுகளால் ஒரு பசுவுக்கும் சினை பிடிக்காது.

இது கால்நடைத் திணைக்களத்தின் நிபந்தனை. சினைக்கு விட நல்ல சாதிப் பொலிநாம்பன் ஒன்று வாங்க விலையில் பாதி அவர்கள் தருவார்கள், மற்றப் பாதி நாங்கள் போட வேண்டும். தனியே ஏலாதவர்கள் ஐந்து வீடு சேர்ந்து போடலாம். ஆனால் சேர்கிற பட்டிகளில் உள்ள ஊர் நாம்பன்கள் எல்லாவற்றுக்கும் முதலே நலம் அடித்திருக்க வேண்டும். அல்லாவிட்டால் இனம் கலந்துபோகும் என்று ஒபிசர் தம்பி யதுர்சன் விளங்கப்படுத்தினார். சரியான கதைதான். எங்கள் மாடுகள் தருகிற பாலுக்குப் பூனைகூட வேறு வீடு பார்க்கும்.

இவர் மட்டும் கறுவலின் முதுகைத் தடவிக்கொண்டு மழைக்குள் நின்றார். "என்னப்பா, அழுறியளோ?" என்று கேட்டேன். "மழைத்தண்ணி" என்றார்.

02.12.2023, சனி

ஐந்து வீடும் சரிவந்துவிட்டது. திரியாயில் நாங்கள், தங்கரத்தினம் அக்கா, கோயிலடியில் இரண்டு வீடு. ஐந்தாவது, பக்கத்து ஊரான புடவைக்கட்டில் தாஹிர் நானா. அவருடைய பட்டிதான் எல்லாரிலும் பெரியது. அவரும் தன் நாம்பன்களுக்கெல்லாம் நலம் அடித்துவிட்டார்.

"முஸ்லிம் ஆக்களோட எங்களுக்கேன் கூட்டு" என்று கோயிலடியில் ஒருவர் இழுத்தார். தங்கரத்தினம் அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அதை நாம்பனிட்டச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டா. 

என் பங்குக்குத் தோடு போனது. காது தூர்ந்துபோகாமல் ஈர்க்குத் துண்டு செருகியிருக்கிறேன். கன்று வந்தால் பால் வரும், பால் வந்தால் தோடும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மகள் கீர்த்தனியின் கம்பஸ் படிப்பும் இந்தப் பட்டியை நம்பித்தான் இருக்கிறது.

09.01.2024, செவ்வாய்

மாப்பிள்ளை வந்திறங்கினார். அப்படித்தான் ஊரே சொல்கிறது. நல்ல சிவப்பு. தாடை தொங்கி, திமில் எழும்பி, கொம்பு குட்டையாக. காதில் மஞ்சள் இலக்கத் தகடு. லொறியால் இறங்கின உடனே எங்கள் பூசணிக் கொடியைத் தின்றுவிட்டார். ஒருவரும் ஏசவில்லை.

எங்கள் வேலிதான் உறுதியென்று முதலில் இங்கேயே நிற்பாட்ட எல்லாரும் சம்மதித்தார்கள். கொஞ்ச நாள் இளைப்பாறிய பிறகு வீடு வீடாகச் சுற்றி வரும். தாஹிர் நானா அதன் நெற்றியைத் தடவி, "ஞானண்ணன், நம்மட புள்ளயக் கவனமாப் பாத்துக்கங்க" என்று இவரிடம் சொல்லிப் போனார். நம்மட பிள்ளையாம். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.

16.01.2024, செவ்வாய், பட்டிப்பொங்கல்

என்ன எழுதுவது. 

பொங்கி, மாடுகளுக்கு மாலை போட்டு, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. தங்கரத்தினம் அக்காவுக்குப் பொங்கல் புக்கை கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், படலையடியிலேயே மயிர் கருகின மணம். இவர் குறி சுட்டிருக்கிறார். பொலிநாம்பனின் வலது தொடையில். எங்கள் குறி. வட்டமும் அதற்குள் ஒரு 'க'வும், மாமாவின் காலத்திலிருந்து வருகிற குறி.

"ஏன் போட்டனீங்கள்?"

"பட்டிக்குப் புதுசா வந்தது. பட்டிப்பொங்கலண்டைக்குப் போடாமல் எப்ப போடுறது?"

சோறு ஏன் தின்றாய் என்று கேட்டதைப் போல என்னைப் பார்க்கிறார். "குறியில்லாத மாடு காட்டுக்க இறங்கினா கண்டவன்ர மாடு. காதுத் தகட்டை அறுக்க எவ்வளவு நேரம் செல்லும்?" என்றார்.

இந்த மனிசனுக்குக் களவு எண்ணம் ஒரு துளியும் இல்லை. அவ்வளவு கெட்டித்தனமும் இல்லை. வெளியால் வாங்கி வருகிற மாட்டுக்குப் பட்டிப்பொங்கலில் குறி போடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். தகப்பன் செய்தார், இவரும் செய்தார். பாதுகாக்கிறேன் என்றுதான் செய்தார். ஆனால் இது எங்கட மாடு இல்லையே, ஐயோ. அஞ்சு வீட்டு மாடெல்லோ. இந்தப் பக்கத்தில எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் குறி வாசிப்பான். ஆரின்ர குறியோ அவரின்ர மாடு. இதை இப்ப நான் என்னத்தைப் போட்டு அழிக்கிறது?

17.01.2024, புதன்

தாஹிர் நானா வந்தார். சைக்கிளில் நாம்பனுக்கென்று ஒரு மூட்டை தவிடு. நான் குசினிக்குள் நின்றுவிட்டேன். வெளியில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நாம்பனைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். தொடையடியில் நின்றார். "எப்ப போட்டீங்க?" என்று கேட்டார். "நேற்று" என்றார் இவர்.  ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். தவிட்டு மூட்டையை இறக்கி மாட்டு மாலுக்குள் வைத்துவிட்டுப் போனார். அதைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

22.01.2024, திங்கள்

யதுர்சன் தம்பி வந்து நாம்பனைக் குச்சவெளிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே அலுவலக வளவில் கட்டி நிற்கும், ஒரு பட்டிக்கும் போகாது. "அக்கா, பொதுச் சொத்தில ஒரு வீட்டின்ர குறி இருக்கேலாது. என்னால ஒண்டும் செய்யேலாது" என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவர் மேலும் கோபம் வரவில்லை.

ஐந்து வீடும் ஒருமித்து, "குறி இருந்தாலும் இது எல்லாருக்கும் பொது, எங்களுக்குச் சம்மதம்" என்று கூட்டத்தில் சொன்னால் நாம்பன் திரும்பி வரும். ஒரு வீடு மறுத்தாலும் பண்ணைக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாம். சித்திரைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கோயிலடியார் இரண்டு பேரும் முணுமுணுத்துச் சம்மதித்தார்கள். தங்கரத்தினம் அக்கா, "உன்ர மனிசனுக்கு மூளைக்குக் குறி போட்டிருக்க வேணும்" என்று சொல்லிச் சம்மதித்தா. தாஹிர் நானா மட்டும் மாட்டேன் என்கிறார்.

05.02.2024, திங்கள்

எங்கள் பசு சிவப்பி நாம்பனுக்குக் கத்துகிறது. விடிந்ததிலிருந்து ஓயவில்லை.

06.02.2024, செவ்வாய்

இன்னும் கத்துகிறது. கறுவல் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டுப் புல் மேயப் போய்விட்டது. அதைக் குற்றம் சொல்ல ஏலுமா? பிடித்துக் கொடுத்தது நான்தானே.

18.02.2024, ஞாயிறு

கீர்த்தனி போனில் சொல்கிறாள், "அம்மா, சினை ஊசி இருக்குத்தானே." இருக்கு மகள். ஊசி போடுகிறவர் குச்சவெளியில், மாடு காட்டில். கத்தத் தொடங்கின மாட்டைத் தேடிப் பிடித்துக் கட்டி, அவருக்குச் சொல்லி அனுப்பி, அவர் மற்ற ஊர்களையும் பார்த்துவிட்டு வந்து சேர மாடு ஆறிவிடுகிறது. மயிலைக்கு இரண்டு தரம் போட்டாயிற்று. இரண்டு தரமும் பிடிக்கவில்லை.

"அப்ப எல்லாத்தையும் வித்துப்போட்டுச் சும்மா இருங்கோ" என்றாள். சும்மா இருக்க எனக்கு யார் பழக்கினது?

தாஹிர் நானாவின் பட்டியிலும் இதே பாடுதானாம். அங்கேயும் பசுக்கள் கத்துகின்றன, ஒரு நாம்பனும் இல்லை. நல்ல சாதி நாம்பன் குச்சவெளியில் கயிற்றில் நின்று தின்று கொழுக்கிறது. ஐந்து பட்டிப் பசுக்களும் இங்கே வெறும் வயிற்றோடு நிற்கின்றன. இதை எவரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

27.02.2024, செவ்வாய்

இறைச்சிக்கு மாடு எடுக்கிறவர் வந்தார். நான் கூப்பிடவில்லை. கழுகுக்கு யார் சொல்லி அனுப்புகிறார்கள்? ஒவ்வொன்றின் முதுகெலும்பையும் அமத்திப் பார்த்தார். "சினையில்லாத மாட்டை வச்சு என்னக்கா செய்யப் போறீங்க? பால் வத்தினாப் பிறகு என்னட்டத்தான் வரும், விலைதான் குறையும்" என்றார். பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவரைத் துரத்திவிட எனக்கு வாய் வரவில்லை. பிறகு வரச் சொன்னேன். 'பிறகு' என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சிவப்பி என் கையைத் தேடி நக்கிக்கொண்டு நின்றது.

01.03.2024, வெள்ளி

சண்டை.

"போய் ஒரு மன்னிப்புக் கேளுங்கோவன். வாயில முத்து உதிருமோ?"

"களவெடுத்தவன்தான் மன்னிப்புக் கேக்கிறது. நான் என்னத்தைக் களவெடுத்தனான்?"

"அப்ப மாடுகள் நிண்டு கத்தட்டும். நீங்கள் மானத்தைக் கறந்து குடியுங்கோ."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். இனி நான்தான் போக வேண்டும். எப்படிப் போவது, எந்த முகத்தோடு போவது?

20.03.2024, புதன்

பின்னேரம் புடவைக்கட்டுக்குப் போனேன். நோன்பு காலம். நோன்பு பிடித்திருக்கிறவரின் மனம் இளகியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். என்ன கேவலமான கணக்கு. வாசலுக்குப் போன பிறகுதான் வெட்கம் வந்தது.

பஹ்மியா, அவருடைய மனிசி, கதிரை எடுத்துப் போட்டா. தாங்கள் பச்சைத் தண்ணியும் குடிக்காமல் இருந்துகொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. 

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தாஹிர் நானா பதறிப்போனார். "என்ன தங்கச்சி இது, கைய எடுங்க. எனக்குக் கோவமில்ல" என்றார்.

"கோவமில்லாட்டி ஏன் நானா மாட்டனெண்டு நிக்கிறீங்கள்? உங்கட பட்டியும்தானே பாழாப் போகுது."

 அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கோவமில்ல தங்கச்சி. பயம். சண்டைக் காலத்துல நாங்க ஊர விட்டு ஓடக்குள்ள பட்டிய அவுத்து விட்டுட்டுத்தான் போனோம். அடுத்த வருசம் வந்து பாத்தா ஒரு வயல்ல எங்கட பசு ஒண்டு நிக்குது. வாப்பா கையால வளத்த பசு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு, ஓடி வந்து வாப்பாட தோளுல தலைய வச்சிச்சு. ஆனா பழைய குறிக்கு மேல வேற குறி. அங்க நிண்ட ஆளு சொன்னாரு, குறியப் பாருங்க ஐயா எண்டு. வாப்பா பாத்தாரு. திரும்பி நடந்துட்டாரு. பசு பின்னாலேயே வந்திச்சு, அவங்க கயித்தப் போட்டு இழுத்தாங்க."

பஹ்மியா உள்ளே போய்விட்டா.

"ஞானண்ணன் களவெடுக்கிற ஆளில்ல, எனக்குத் தெரியும். ஆனா அவருக்குப் பிறகு வாறவங்களுக்கு எங்கட வாய்க்கதை ஒண்டும் தெரியா. குறி மட்டுந்தான் தெரியும். ஒரு வருசம் பசுவெல்லாம் கண்டு போடாம இருந்தாலும் இருப்பன் தங்கச்சி. இன்னொருக்கா அப்பிடித் திரும்பி நடக்க எனக்கு ஏலாது."

 எழும்பி வந்தேன். படலையடிக்குப் பஹ்மியா பின்னால் ஓடி வந்து ஒரு வாளியில் நோன்புக் கஞ்சி தந்தா. வழி நெடுக அழுதுகொண்டு வந்தேன், வாளியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு.

21.03.2024, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  எங்கள் பட்டியும் அந்தக் காலத்தில் அப்படித்தான் போனது. மாமா அதை நினைத்து நினைத்தே செத்தவர் என்று இவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் குறி, குறி என்று நிற்கிறார் என்பது எனக்கும் இன்றைக்குத்தான் விளங்கியது. கஞ்சியைக் குடித்தார். வாளியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். இந்த வீட்டில் அவர் பாத்திரம் கழுவி நான் கண்டதில்லை.

24.03.2024, ஞாயிறு

விடியச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தார். "எங்க போட்டு வாறியள்?" என்று கேட்டேன். "உதில" என்றார். உதில் என்றால் எது என்று கேட்டால் இன்னொரு சண்டை. விட்டுவிட்டேன்.

02.04.2024, செவ்வாய்

மயிலை மறுபடி கத்துகிறது. பால் வற்றிக்கொண்டு வருகிறது. தயிருக்குப் போடவும் காணாது. இறைச்சிக்காரர் போன் எடுத்தார். புதுவருசத்துக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பட்டிக்குள் போக ஏலவில்லை. அதுகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. சிவப்பியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஒரு பசுவை வைத்துக்கொண்டு என்ன பட்டி?

13.04.2024, சனி

வருசப் பிறப்பு. மருத்துநீர் வைத்துக் குளித்தோம். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

18.04.2024, வியாழன்

குச்சவெளியில் கூட்டம். நாம்பன் வேப்பமரத்தடியில் கட்டி நின்றது, நல்லாய்ப் பருத்து. தொடையில் குறி ஆறி, பளிச்சென்று தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். இதற்காக விற்ற தோட்டை நினைக்கவில்லை, இறைச்சிக்காரரின் கைதான் கண்ணுக்குள் நின்றது.

யதுர்சன் தம்பி ஒவ்வொரு வீடாகக் கேட்டார். நாங்கள், அக்கா, கோயிலடியார் எல்லாரும் ஓம் என்றோம். கடைசியாகத் தாஹிர் நானாவைப் பார்த்தார்.

"எனக்கும் சம்மதம்" என்றார்.

 யதுர்சன் தம்பிக்கே நம்பிக்கை வரவில்லைப் போல, "குறி அப்பிடியே இருக்குத்தானே நானா, பிறகு பிரச்சினை வராதோ?" என்று கேட்டார்.

"குறி மாட்டுல இருக்கு. குறி போடுற இரும்பு எங்கட வீட்டுல இருக்கு" என்றார் தாஹிர் நானா. "ஞானண்ணன் நோன்பு நேரம் கொண்டு வந்து வச்சிட்டுப் போனாரு. இனி அந்தக் குறி எந்த மாட்டுல விழுறதெண்டாலும் என்ர வாசலால போய்த்தான் விழும். எனக்கு அது போதும்."

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை, பாவி மனிசன். இரும்பைக் கொடுப்பது என்றால் இந்தப் பக்கத்தில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். இரும்பில்லாத பட்டிக்காரனின் கன்று ஒவ்வொன்றும் கண்டவன் கன்று. தகப்பன் வைத்துவிட்டுப் போன ஒரே சாமான் அது. 

கூட்டம் முடிய, தாஹிர் நானா, "ஞானண்ணன், சம்மதம் சொல்லியாச்சுதானே. வந்து இரும்ப எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"அங்கயே இருக்கட்டும்" என்றார் இவர்.

இறைச்சிக்காரருக்குப் போன் எடுத்து, வர வேண்டாம் என்று சொன்னேன். 

03.05.2024, வெள்ளி

முதல் முறை தாஹிர் நானாவின் பட்டிக்கு என்று இவரே சொல்லிவிட்டார். பிறகு நாம்பன் எங்களிடம் வந்தது. மயிலைக்கும் சிவப்பிக்கும் சரி. மற்றதுகளும் ஒவ்வொன்றாக. பிடித்ததோ இல்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

29.05.2024, புதன்

ஒன்றும் கத்தவில்லை. பட்டி அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு படலையடியில் நெடுநேரம் நின்றேன்.

11.02.2025, செவ்வாய்

சிவப்பி கன்று போட்டுது. பெண் கன்று, நாகு. தகப்பனின் சிவப்பு, தொங்குகிற தாடை. முதல் கறந்த கடும்புப் பாலில் ஒரு போத்தல் புடவைக்கட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். போத்தல் திரும்பி வந்தது, அதே மாதிரிக் கடும்புப் பாலோடு. அங்கேயும் ஒன்று போட்டிருக்கிறது.

16.08.2025, சனி

கன்றுகளுக்குக் குறி போடுகிற காலம். சிவப்பியின் நாகு வேலி பாயப் பழகிவிட்டது, இனிப் பிந்த ஏலாது. காலையில் இவர் தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்தார்.

"எங்க வெளிக்கிடுறியள்?"

"தாஹிரிட்ட. இரும்பு இரவல் வாங்க."

எங்கட இரும்பு. அதை இரவல் வாங்க நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்.  ஒரு சட்டி தயிரைத் துணியால் கட்டிச் சைக்கிளில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் திரும்பிவிட்டது, ஆளைக் காணவில்லை. கன்றைக் கட்டி வைத்திருக்கிறேன், அது கயிற்றோடு சண்டை பிடிக்கிறது. அங்கே சோறு போட்டிருப்பார்கள். இங்கே நான் ஆக்கி வைத்ததை இனி யார் தின்கிறது?